மதுரைக்கு 1968 என்றொரு வருஷம்

பாண்டியன் தலைநகர், தூங்கா நகரம், மல்லிகை நகரம் என்று நம்ம ஊருக்குப் பட்டங்கள் பல. "சங்கீத ஊர் எது?" என்று கேட்டால் மட்டும் தஞ்சாவூர், சென்னை என்று சொல்லிவிட்டு நாமே நகர்ந்துவிடுகிறோம். இது நியாயமா நண்பர்களே? 1968 என்கிற ஒரே ஒரு வருஷத்தை எடுத்துக்கொள்வோம்.

அந்த ஜூன் மாதம் மதுரை மணி அய்யர் காலமானார். 1912-ல் பிறந்தவர். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய சங்கீதப் பள்ளியில் பயின்றவர். கச்சேரிக்கு டிக்கெட் எடுக்க வசதியில்லாத ரசிகனும் தெருவில் நின்று கேட்ட சுரங்கள் அவருடையவை. பின்னாளில் சென்னையில் குடியேறினாலும் பெயரில் இருந்த ஊரை அவர் விடவில்லை.

அடுத்த மாதம் 'தில்லானா மோகனாம்பாள்' வெளியானது. சிவாஜி கணேசன் கன்னம் உப்ப வாசிப்பதைப் பார்த்துத் தியேட்டரே ஆடிப்போனது. ஆனால் அந்த நாதஸ்வரத்துக்கு உண்மையில் மூச்சைக் கொடுத்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். மதுரை பொன்னுசாமிப் பிள்ளையின் பேரன்கள். சிவாஜியைத் தெரியாதவர் யார்? இவர்களைத் தெரிந்தவர் எத்தனை பேர்?

அந்த வருஷத்துக்கான 'சங்கீத கலாநிதி' பட்டத்தைச் சென்னை மியூசிக் அகாடமியில் எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். அவர் பெயரில் 'எம்' என்பது மதுரை. 'எஸ்' அப்பா பெயர் அல்ல, அம்மா சண்முகவடிவு. அம்மாவுக்கு வீணை, பாட்டி அக்கம்மாளுக்கு வயலின். கோயிலைச் சார்ந்து தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காப்பாற்றிய பெண்கள் அவர்கள். பாட்டை ரசித்த சமூகம், பாடிய பெண்ணைச் சமமாக உட்கார வைக்கத் தயங்கியது. அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் 1998-ல் நாடே 'பாரத ரத்னா' கொடுத்தது.

மூன்று சம்பவங்களையும் சேர்த்துப் பாருங்கள். மதுரையில் முளைத்த சங்கீதத்துக்கு மரியாதை சென்னையில்தான் கிடைத்தது. அதிலும் மேடையில் பாடியவருக்குக் கிடைத்த மரியாதை, கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் ஊதியவருக்கு முழுசாய் வந்து சேரவில்லை. நாமும் படித்து முடித்ததும் சென்னை, பெங்களூர், அமெரிக்கா என்று பறந்தவர்கள்தானே! ஊர் நமக்கு என்ன கொடுத்தது என்று கணக்குப் பார்க்க ரீயூனியனைவிட நல்ல நாள் கிடைக்குமா?

சிலை வைக்கச் சொல்லவில்லை. அடுத்த தடவை கல்யாண வீட்டில் நாதஸ்வரம் ஒலிக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் முன்னால் போய் உட்காருங்கள். வாசிப்பவர் பெயரைக் கேளுங்கள். "நல்லா இருந்துச்சு அண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே, கல்லூரி விழாவுக்கு இசைக்குழு தேடும்போது கோயில் வீதிப் பக்கமும் ஒரு எட்டுப் போய் வாருங்கள்.