முன் பிரேக் பிடிச்சா பைக் தூக்கி அடிக்குமா? எந்த பிரேக்கை எப்போ பிடிக்கணும்?

"முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்." பைக் ஓட்டக் கத்துக்கிட்ட பலருக்கும் முதலில் கிடைத்த அட்வைஸ் இதுதான். அதை நம்பி வருஷக்கணக்கில் கால் பிரேக்கை மட்டுமே மிதித்து ஓட்டுபவர்கள் ஏராளம். ஆனா, அவசரத்துக்கு வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான்.

பிரேக் பிடிச்சதும் நம்ம உடம்பு முன்னால சாயுது இல்லையா? அதே மாதிரி வண்டியோட எடையும் முன் சக்கரத்துக்குப் போயிடும். முன் டயர் ரோட்டை நல்லா அழுத்திப் பிடிக்கும். பின் டயர் லேசாகிவிடும். அதை எவ்வளவு மிதித்தாலும் லாக் ஆகி வழுக்குமே தவிர, வண்டி சீக்கிரம் நிற்காது.

60 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த தார் ரோட்டில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால், அதற்குப் பிறகு ஏறக்குறைய 20 மீட்டரில் நிறுத்தலாம். பின் பிரேக் மட்டும் என்றால் 40 மீட்டரைத் தாண்டும்.

அப்போ தூக்கி அடிக்கிறது பொய்யா? முழுப் பொய் இல்லை. லிவரை வெடுக்கென்று இழுத்தால், எடை முன்னால வந்து சேர்வதற்குள் சக்கரம் லாக் ஆகி வழுக்கிவிடும். அதனால, எலுமிச்சம்பழம் பிழிவது போல கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டணும். முன் சக்கரம் வழுக்குவது தெரிந்தால் உடனே லிவரை விட்டு, மறுபடி மெதுவாகப் பிடிக்கணும்.

மணல், ஜல்லி, மெதுவாக யூ டர்ன் போடும் இடங்களில் மட்டும் பின் பிரேக்கை நம்பலாம். வளைவில் வண்டி சாய்ந்திருக்கும்போது எந்த பிரேக்கையும் பலமாகப் பிடிக்கக் கூடாது. வேகத்தை வளைவுக்கு முன்னாடியே குறைச்சிடணும். மழை நேரத்தில், அதிலும் ரோட்டில் எண்ணெய்ப் பிசுக்கு மிதக்கும் முதல் மழையில், இரண்டையும் மென்மையாகப் பிடிங்க.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவற்றில் குறைந்தபட்சம் சிபிஎஸ் இருக்கும். பின் பிரேக்கைப் பிடித்தாலே முன் பிரேக்கும் ஓரளவு வேலை செய்யும். அதுக்காக முன் லிவரை மறந்துடக் கூடாது. ஏபிஎஸ் வண்டியில் திடீர் பிரேக் போட்டால் லிவர் கையில் துடிக்கும். பயந்து விட்டுடாதீங்க, அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். சிங்கிள் சேனல் ஏபிஎஸ் என்றால் அந்தப் பாதுகாப்பு முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் அப்பவும் லாக் ஆகும்.