கற்பிட்டி அட்டையும் கணையப் புற்றுநோய் மருந்தும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், குறிப்பாகக் கற்பிட்டிக் குடாநாட்டைச் சூழ்ந்த கடலிலும் களப்பிலும், கடலட்டை பிடிக்கும் தொழில் நெடுங்காலமாக நடந்துவந்தபோதிலும், அதனைத் தம் சட்டியில் இடும் வழக்கம் அக்கரையாருக்கு இருந்ததில்லை. சுழியோடிகள் கொண்டுவரும் வெள்ளை அட்டையைக் குடல் நீக்கி அவித்து, ஈரமணலில் புதைத்து, தோலிலுள்ள சுண்ணத் துணுக்குகள் இளகியபின் தேய்த்துக் கழுவி, மீண்டும் அவித்து வெயிலில் உலர்த்துவது வாடிகளின் வேலைமுறையாகும். சீன மருத்துவ மரபு அட்டையை உடலுக்கு வலுவூட்டும் உணவாகக் கொண்டதே அதன் விலைக்கு ஆதாரம். அந்த நற்பெயர் சோதனையால் நிறுவப்பட்டதன்று.

அட்டையின் உடலில் சப்போனின் என்னும் நுரைக்கும் தற்காப்பு நச்சு உண்டு. அட்லாண்டிக் கடலின் வேறோர் இனத்திலிருந்து பிரித்த ஃபுரொண்டோசைட் ஏ என்னும் சப்போனின், இலங்கைப் பாடநூல்கள் சதையி என வழங்கும் கணையத்தின் புற்றுக்கலங்களை ஆய்வுக்கூடத்தில் ஒடுக்கியதாக 2008இல் எழுதப்பட்டது. ஆயினும் அது அங்கீகரிக்கப்பட்ட மருந்தாகவில்லை.

கணையப் புற்றுநோய்க்குக் கடல் தந்த மருந்து, சந்தையில் எவரும் விலைபேசாத ஒரு கடற்பஞ்சின் வழியே வந்தது என்பது வணிகர் கணிப்புக்கு எட்டாத செய்தி. வெர்னர் பெர்க்மன் புளோரிடாக் கடற்பஞ்சிலிருந்து பிரித்த சேர்மங்களை முன்மாதிரியாகக் கொண்டு சைட்டராபினும், அதனை ஒட்டி ஜெம்சைட்டபினும் உருவாக்கப்பட்டன. 126 நோயாளரை எழுமாற்றாக இரு பிரிவாக்கி ஒப்பிட்ட சோதனையின் முடிவு 1997இல் வெளியானபோது, பாதிப்பேர் உயிரோடிருந்த காலம் பழைய மருந்தில் 4.41 மாதமாகவும் ஜெம்சைட்டபினில் 5.65 மாதமாகவும் இருந்தது.

வேகமாகப் பெருகும் கலங்கள் அனைத்தையும் தாக்காமல், புற்றுக்கலத்தின் குறித்த மூலக்கூற்றையே நாடும் இலக்குச் சிகிச்சை பின்னர் வந்தது. ஜெம்சைட்டபினோடு எர்லோட்டினிப் சேர்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வில் 5.91 மாதம் 6.24 ஆனது; ஏறத்தாழப் பத்து நாள் ஆதாயத்தை வெற்றி எனக் கொண்டதிலிருந்தே இந்நோயின் கடுமை விளங்கும். பிறப்பிலேயே பிஆர்சிஏ மரபணு மாற்றம் உடையோருக்கு ஒலாபரிப் கொடுத்த 2019ஆம் ஆண்டு ஆய்வுக்காக 3,315 பேர் பரிசோதிக்கப்பட்டு, 154 பேரே சேர்க்கப்பட்டனர். அவர்களிடம் நோய் முற்றாதிருந்த காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 ஆக நீண்டபோதிலும், மொத்த ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.