தேசி மரத்து இலையும் கோப்பித் தோட்டத்து வரலாறும்



மழை விட்டதும் நமதூரில் பலரிடமிருந்து வரும் கேள்வி இது: "சேர், தேசி மரத்து இலை மஞ்சளாப் போகுது, என்ன மருந்து அடிக்கிறது?" மருந்தைச் சொல்ல முன்னர் ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். இந்த நாட்டையே ஓர் இலை நோய் புரட்டிப் போட்ட வரலாறு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1869ஆம் ஆண்டு. மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பிச் செடிகளில், இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் தென்பட்டன. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்லி என்ற பங்கசு ஆய்வாளர் இது புதிய இனம் என்று கண்டு, 'ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். இரண்டாவது சொல்லின் பொருளே 'பாழாக்குவது' என்பதுதான்.

துரைமார் பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. காலநிலை சரியில்லை, பசளை போதவில்லை, மண் களைத்துவிட்டது என்றார்கள். கோப்பி விலை அப்போது நல்ல உயரத்தில் இருந்தது. நோய் பரவிக்கொண்டிருக்கும்போதே இன்னும் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1878 அளவில் பரப்பு ஏறத்தாழ 275,000 ஏக்கர்.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்தார். காற்றில் கண்ணாடித் தகடுகளை வைத்து, நோயின் வித்திகள் பறந்து வருவதைப் பிடித்துக் காட்டினார். இலை நனைந்திருக்கும்போது அவை முளைத்து, அடிப்பக்கத்து இலைவாய் வழியாக உள்ளே போகின்றன என்று நிறுவினார். மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதுதான் நோய்க்கு வழி திறந்தது என்பதும் அவர் சொன்னதுதான். ஆனால் அவர் கையில் மருந்து இல்லை. 1882இல் திரும்பிப் போனார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையை மில்லார்டே பிரான்சில் வெளியிட்டது 1885இல். மூன்று வருடம் பிந்திவிட்டது.

1884இல் ஓரியண்டல் வங்கி மூடப்பட்டது. கூலி நிலுவையோடு தொழிலாளர்கள் தவித்தார்கள். கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. 1876இல் ஹெனரத்கொடைப் பூங்காவுக்கு வந்த இறப்பர் கன்றுகளின் வழியாக இறப்பரும் வந்தது. இன்று நாம் பார்க்கும் சப்ரகமுவ மலைகளின் முகம் ஓர் இலை நோய்க்குப் பின் அமைந்த முகம்.

இனி தேசிக்கு வருவோம். தேசி, தோடை, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பம். நம் 'நாரத்தை'யோடு உறவுள்ள சொல்தான் பாரசீகத்தில் 'நாரங்', அரபியில் 'நாரஞ்ச்', ஸ்பானியத்தில் 'நரஞ்ஹா' என்று போனதாக மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். சொல்லோடு கன்றையும் மேற்கே கொண்டு போனவர்கள் முஸ்லிம்கள். 12ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் எழுதிய 'கிதாபுல் ஃபிலாஹா' என்ற வேளாண்மை நூலில் மர நோய்களும் பரிகாரமும் பேசப்படுகின்றன.

இந்தக் குடும்பத்தின் பெரிய எதிரியைச் சீன விவசாயிகள் 'மஞ்சள் தளிர் நோய்' என்றார்கள். நீர் தேங்குவதால் வருவது என்று அங்கும் சொல்லப்பட்டது. 1956இல் லின் குங்-சியாங், ஒட்டுக் கட்டினால் இது அடுத்த மரத்துக்குத் தொற்றுகிறது என்று காட்டினார். 1967இல் இந்தியாவில் கபூர் குழுவினர், தளிரில் சாறு உறிஞ்சும் 'சில்லா' என்ற சிறு பூச்சி இதைக் காவுவதைக் கண்டார்கள். கோப்பிக் கதையேதான்: மண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது எதிரி வேறு வழியால் வந்தான். புளோரிடாவில் 2005இல் நோய் தென்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி தோடம்பழம் தந்த மாநிலம், 2023-24இல் 2 கோடிப் பெட்டிகூடத் தரவில்லை.

அதற்காக மஞ்சளான எல்லா மரத்தையும் வெட்டச் சொல்லவில்லை. நமது பகுதி கடும் மழைப் பகுதி. மழை மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போகும். ஆகவே முதலில் இலையைப் பறித்து, இரண்டு பக்கமும் பாருங்கள்:

1. முதிர்ந்த இலை முழுதும் சீராக மஞ்சள்: நைதரசன் குறைவு. காம்புப் பக்கம் மட்டும் பச்சை முக்கோணமாக நின்றால் மகனீசியம் குறைவு. மக்கிய சாணமும் தகுந்த பசளையும் போதும்.

2. இளம் இலையில் நரம்பு பச்சை, இடையில் மஞ்சள்: இரும்பு அல்லது நாகச் சத்துக் குறைவு. வேரில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள்.

3. வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து ஓடி இலை சுருண்டால் இலைச் சுரங்கப் புழு. பெரிய மரம் தாங்கும். சிறு கன்றில் அந்தத் தளிரைக் கிள்ளி அழியுங்கள்.

4. பறவை எச்சம் போலப் புழு: வண்ணத்துப்பூச்சியின் குடம்பி. கையால் எடுத்துவிடுங்கள்.

5. இலையில் கரிப் பூச்சு: சாறு உறிஞ்சும் பூச்சியின் தேன் கழிவில் வளரும் பூஞ்சணம். சவர்க்காரத் தண்ணீர் அடித்து, எறும்பு ஏறாமல் தடுங்கள்.

6. இரு பக்கமும் தடித்த கபிலப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம்: கங்கர். மழைத்துளி பரப்பும் பற்றீரியா. வெயில் நாளில் கிளையை வெட்டி எரித்து, செப்பு மருந்து அடியுங்கள்.

7. நடு நரம்பின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாத மஞ்சள் திட்டுக்கள், காய் கோணலாகி அடி பச்சையாகவே நின்றால் அதுதான் அந்தப் பெரிய நோய்.

ஏழாவதுக்கு இன்றுவரை முழுக் குணம் தரும் மருந்து இல்லை. சந்தேகம் என்றால் உரம் கொட்டிக்கொண்டு காலம் கடத்தாமல் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அவர் உறுதி செய்தால் மரத்தை எடுத்துவிடுவதுதான் வழி. உம்மாவோ வாப்பாவோ வைத்த மரம் என்றால் மனது கேட்காதுதான். ஆனால் சில்லாவுக்கு வேலி தெரியாது. அது கறிவேப்பிலையிலும் வாழும், நம் முற்றங்களிலோ இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே நிற்கின்றன. வாகனத்தில் வரும் ஒட்டுக் கன்றை வாங்கும்போதும் இலையைப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

நட்ட மரத்தில் பறவை தின்றாலும் நட்டவருக்கு ஸதகா என்று நம் மார்க்கம் சொல்கிறது. அயலவரின் மரத்தைக் காப்பதும் அதோடு சேர்ந்ததுதான்.

இலையைப் படம் எடுத்து அனுப்புவோர் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் எடுத்து அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.