பக்கத்து ஊரில் இறங்கிய செவ்வாய்க்காரர்கள்

எங்கள் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து பிளெய்ன்ஸ்பரோவைத் தாண்டிக் காரில் பத்துப் பதினைந்து நிமிடம் போனால் குரோவர்ஸ் மில் வரும். அங்கே வான் நெஸ்ட் பூங்காவில் 1988-இல் வைத்த ஒரு வெண்கல நினைவுச் சின்னம் இருக்கிறது. செவ்வாய்க் கிரகத்து எந்திரம், மைக் முன்னால் ஓர் ஆள், ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பம். சின்ன வயதில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போவார். நடக்காத ஒரு விஷயத்துக்கு எதற்கு நினைவுச் சின்னம் என்று அப்போது புரியவில்லை.

பத்தாம் வகுப்பில் புரிந்தது. ஒரு நாள் இரவு போனில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. "நாளை ஸ்கூலுக்கு வராதீர்கள்" என்று மிரட்டல். எங்கள் பள்ளியின் முதலெழுத்துகள், கீழே ஒரு பையனின் பெயர். இரண்டு தோழிகளிடம் கேட்டேன். "ஆமாம், எங்களுக்கும் வந்தது" என்றார்கள். உடனே மூன்று குரூப்பில் போட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, அது வேறு மாநிலத்தில், அதே முதலெழுத்துகள் கொண்ட வேறொரு பள்ளியைப் பற்றியது. ஆனால் அதே பெயரில் எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். பல வாரம் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். நான் போய்ப் பேசவில்லை. அதை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது 1938-க்குப் போவோம். அக்டோபர் 30, ஞாயிறு இரவு 8 மணி. சி.பி.எஸ். ரேடியோவில் ஆர்சன் வெல்ஸ் குழுவின் நாடகம். எச்.ஜி. வெல்ஸின் பழைய ஆங்கில நாவலை, நடன இசைக்கு நடுவே குறுக்கிடும் அவசரச் செய்திகளாக மாற்றியிருந்தார்கள். எழுதியவர் ஹோவர்ட் கோக். நியூஜெர்சி சாலை வரைபடத்தின் மேல் கண்ணை மூடிக்கொண்டு பென்சிலை வைத்தாராம். அது விழுந்த இடம் குரோவர்ஸ் மில்! இன்னும் கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் அந்தச் சின்னம் எங்கள் ஊரில் இருந்திருக்கும்.

இது நாடகம் என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். நடுவில் சேர்ந்தவர்களுக்கு அது தெரியாது. ஒரு மாதம் முன்புதான் மியூனிக் நெருக்கடி. ஹிட்லர் என்ன செய்வாரோ என்று, நிகழ்ச்சிகளை நிறுத்திச் செய்தி சொல்வதை மக்கள் கேட்டுப் பழகியிருந்தார்கள். விண்கல் விழுந்ததாகக் கேள்விப்பட்டு பிரின்ஸ்டனின் இரண்டு புவியியல் பேராசிரியர்களே தேடிக் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் ஹாரி ஹெஸ். பின்னாளில் கடல்தரை விரிகிறது என்ற கருத்தால் புகழ்பெற்றவர். அவர்களுக்குக் கிடைத்தது விண்கல் அல்ல, அதையே தேடி வந்த மற்றவர்கள்தான்.

பிரின்ஸ்டனில் ஹாட்லி கேன்ட்ரில் என்ற உளவியலாளர் 135 பேரைப் பேட்டி எடுத்து 1940-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் எனக்குப் பிடித்த பகுதி இது. பயந்தவர்களில் பலர் சரிபார்க்காமல் இல்லை. ஒருவர் ஜன்னல் வழியே பார்த்தார், தெரு நிறையக் கார்கள். "எல்லாரும் தப்பி ஓடுகிறார்கள்" என்று முடிவு செய்தார். இன்னொருவர் பார்த்தார், ஒரு காரும் இல்லை. "சாலைகள் அழிந்துவிட்டன" என்று முடிவு செய்தார். ஜன்னலில் எது தெரிந்தாலும் பயம்தான் ஜெயித்தது. தப்பித்தவர்கள் வேறு ஸ்டேஷனுக்குத் திருப்பினார்கள், அல்லது செய்தித்தாளில் ரேடியோ நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தார்கள்.

அந்த இரண்டு தோழிகள்தான் என்னுடைய ஜன்னல். அவர்களிடம் இருந்ததும் அதே ஸ்க்ரீன்ஷாட்.

கதை இதோடு முடியவில்லை. மறுநாள் செய்தித்தாள்கள் நாடே பீதியில் ஓடியது போல எழுதின. விளம்பரக் காசை ரேடியோ பறித்துக்கொண்டிருந்த காலம் அது. 60 லட்சம் பேராவது கேட்டார்கள், 10 லட்சத்துக்கு மேல் பயந்தார்கள் என்பது கேன்ட்ரிலின் கணக்கு. ஆனால் அன்றிரவு 5,000 வீடுகளுக்குப் போன் செய்து எடுத்த கணக்கில், அந்த நாடகத்தைக் கேட்டவர்கள் 2 சதவீதம்தான். பீதியே பெரிதாக ஊதப்பட்டது என்று இப்போது பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பொய்ச் செய்தியைப் பற்றிய செய்தியும் பாதி பொய்!

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். திருவண்ணாமலையை நினைத்தால் சிரிப்பு வராது. 2018 மே மாதம், போளூர் பக்கம் அத்திமூர். குலதெய்வம் கோயிலுக்கு ஒரு குடும்பம் காரில் போனது. மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் அதில் இருந்தார்கள். வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்த நேரம். கூட்டம் அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். விடுமுறைக்குப் போகும்போது நாமும் பை நிறையச் சாக்லேட்தானே கொண்டுபோகிறோம்?

அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றப்போவதாக வாட்ஸ்அப் அறிவித்தது. கேரளத்தின் கண்ணூரில் கலெக்டர் மீர் முகமது அலி வேறு வழியில் போனார். தடுப்பூசி பற்றிய வதந்தியால் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊசி போட மறுத்ததைப் பார்த்தவர் அவர். 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்க வகுப்பு நடத்த வைத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களைக் கேள்வி கேட்பார்கள் என்பது கணக்கு. போனைப் பிடுங்குவதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

2023 ஜனவரியில் நியூஜெர்சியும் அங்கே வந்து சேர்ந்தது. மழலையர் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை தகவலை எடைபோடக் கற்றுத்தர வேண்டும் என்ற சட்டத்தில் கவர்னர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்டார். அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். உண்மையையும் கருத்தையும் பிரித்தறிவது மட்டுமல்ல, தகவலைப் பொறுப்போடு உருவாக்குவதும் அதில் உண்டு.

என் தம்பி இப்போது ஏழாவது. குரோவர்ஸ் மில்லில் அன்றிரவு விவசாயிகள் தண்ணீர்த் தொட்டியைச் செவ்வாய் எந்திரம் என்று நினைத்துச் சுட்டார்கள் என்று ஒரு கதை இந்தப் பக்கத்தில் உலவும். அவனுக்கு அதைச் சொன்னதே நான்தான். போன வாரம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

"அக்கா, தொட்டியைச் சுட்டாங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

"அப்பா."

"அப்பாவுக்கு?"

அப்பா டிவியிலிருந்து திரும்பவே இல்லை.