தரையும் வாட்டமும்



போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்தாள். புதிதாக வாங்கியிருக்கும் மூன்றாவது மாடி வீட்டில் என்ன தரை போடலாம் என்று கேட்டாள். பேரன் நான்கடி நீளத்தில் மீன் தொட்டி வைத்திருக்கிறான். ஒன்பது வயது லேப்ரடார் நாய் ஒன்றும் உண்டு. "தண்ணி கொட்டினாலும், நாய் நகம் பட்டாலும் ஒண்ணும் ஆகாத தரையாச் சொல்லுங்கப்பா" என்றாள். மருமகனுக்கு வெள்ளை மார்பிள் மேல் ஆசை, மகளுக்கு மரம் போலத் தெரியும் தரை மேல் ஆசை. பஞ்சாயத்து என்னிடம் வந்துவிட்டது. வாத்தியாரிடம் கேட்டால் பதில் ஆதியிலிருந்துதான் வரும், உங்களுக்குத் தெரியாததா! போனில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது தென்காசிப் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு மண் தரைதான். செம்மண்ணைக் குழைத்துப் போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, காய்ந்தபின் சாணம் மெழுகுவார்கள். தண்ணீர் தாங்கும் தரை என்று அதை யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீடுகளில் தண்ணீருக்கென்று தனி இடம் இருந்தது. அடுக்களையை ஒட்டி அங்கணம் இருக்கும். கல் பாவி, சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்குக் கரை கட்டி, மூலையில் ஒரு துவாரம் விட்டிருப்பார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் அது வழியாகப் புறவாசல் தென்னைக்குப் போய்விடும். அங்கணம் என்ற சொல்லின் வயது தெரிய வேண்டுமானால் 720-ஆம் குறளை எடுத்துப் பாருங்கள்.

மாட்டுக்கும் அப்படித்தான். தொழுவத்தில் கல் பாவி, பின்பக்கமாகச் சரித்து, கோமியம் ஓடையில் வடியும்படி வைத்திருப்பார்கள். நாய் திண்ணைக்குக் கீழே படுக்கும். மீன் எங்கே இருந்தது என்கிறீர்களா? கிணற்றில்! கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று விட்டு வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் தரை என்பது மனிதர் உட்கார, உண்ண, உறங்க மட்டும்தான்.

வசதியுள்ளவர்கள் சுண்ணாம்புத் தளம் போட்டார்கள். அதற்குப் பெரிய உதாரணம் பத்மநாபபுரம் அரண்மனை. உங்களில் பலரைச் சுற்றுலாவில் அழைத்துப் போயிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தபோது கருப்பாக மின்னிய அந்தத் தரை நினைவிருக்கும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டது என்று அங்கே வழிகாட்டிகள் சொன்னார்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் மறுபடி கல்லாகிறது. அதனால் அந்தக் காலத்துத் தளத்தை நாள் கணக்கில் அடித்தார்கள், தேய்த்தார்கள், காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பைக் குறைத்தது சிமெண்ட். 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். நம் நாட்டில் 1904-ல் சென்னையில் ஒரு முயற்சி நடந்தது, நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் தொடங்கியதுதான் நிலைத்தது. சிமெண்ட் வந்த பிறகு செட்டிநாட்டில் ஆத்தங்குடிக் கல் பிறந்தது. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை அச்சுக்குள் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்ட்டும் போட்டுச் செய்கிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டுத்தான் இறுக வைக்கிறார்கள். கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடும்.

நம் பக்கம் வந்தது சிவப்புத் தரை. 1967-ல், நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது, எங்கள் வீட்டுப் பட்டாசலுக்கு அப்பா சிவப்புத் தரை போட்டார். சிமெண்ட்டோடு சிவப்புக் காவிப் பொடியைக் கலந்து மேல்பூச்சுப் பூசி, ஈரம் இறங்குவதற்குள் கொத்தனார் குத்தவைத்து உட்கார்ந்து கரணையால் தேய்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பிறகு ஒரு வாரம் மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினார்கள். நாங்கள் பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விட்டு அடி வாங்கினோம். காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தார்கள்.

கூலி வாங்கும் நாளில் அந்தக் கொத்தனார் ஒரு செம்புத் தண்ணீரைப் பட்டாசலின் நடுவே ஊற்றினார். அது சற்று யோசித்துவிட்டு, மெல்லப் புறவாசல் நடையை நோக்கி ஓடியது. "வாட்டம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் ரூபாயைக் கையில் வாங்கினார். வீடு கட்டுகிறவர்கள் இந்த 'வாட்டம்' என்ற சொல்லைக் கவனத்தில் வையுங்கள். மண் தரை முதல் சிவப்புத் தரை வரை நம் முன்னோர் தண்ணீரைத் தடுக்கப் பெரிதாக முயலவில்லை. அது போக வழி விட்டார்கள்.

இடையில் மொசைக் ஒரு இருபது ஆண்டு ஆண்டது. சினிமாத் தியேட்டர், வங்கி, கல்யாண மண்டபம் எல்லாம் அதுதான். நல்ல தரை. அரைக்கும் இயந்திரத்தின் சத்தத்தை மட்டும் மன்னிக்க முடியாது.

இனி என் தவறைச் சொல்கிறேன். 1999-ல் வீட்டில் ஒரு கல்யாணம். பட்டாசலுக்குப் பளபளவென்று டைல்ஸ் போட வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சிவப்புத் தரையைக் கொத்திவிட்டு அதன் மேல் ஒட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். அம்மா மட்டும், "தரை காலைப் பிடிக்க மாட்டேங்குய்யா" என்றார். பழகிவிடும் என்றேன். மூன்றாம் மாதம், குடத்திலிருந்து சிந்திய தண்ணீரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் இருந்த ஆறு ஆண்டும் கைத்தடியோடுதான் நடந்தார். ஒருநாளும் என்னைக் குறை சொல்லவில்லை. டைல்ஸில் குற்றமில்லை. அது ஈரம் படாத இடத்துக்கானது. நான் பார்த்தது பளபளப்பை மட்டும். வாட்டமும் பார்க்கவில்லை, ஆகவே தண்ணீர் விழுந்த இடத்திலேயே நின்றது.

இப்போது மீன் தொட்டிக்கு வருவோம். கண்ணாடித் தொட்டியில் மீனை வைத்துப் பொதுமக்களுக்குக் காட்டுவது லண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் 1853-ல் தொடங்கியது. சென்னைக் கடற்கரையில் 1909-ல் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. இன்று கொளத்தூரிலிருந்து வண்ண மீன்கள் எல்லா ஊருக்கும் போகின்றன. கிணற்றில் இருந்த மீன் மூன்றாவது மாடி ஹாலுக்கு வந்துவிட்டது. திண்ணைக்குக் கீழே படுத்த நாய் சோபாவுக்குப் பக்கத்தில் படுக்கிறது. ஆனால் அங்கணமும் ஓடையும் கூடவே மாடி ஏறவில்லை.

ஒரு கணக்குப் போடுவோம், பழைய நினைவுக்காக. தொட்டி நீளம் 4 அடி, அகலம் ஒன்றரை, உயரம் ஒன்றரை. ஆக 9 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஏறக்குறைய 255 லிட்டர், அதாவது 255 கிலோ. கண்ணாடி, மணல், ஸ்டாண்டு சேர்த்தால் 300-ஐத் தாண்டும். இத்தனை பாரத்தைச் சுவரோரம், உத்தரம் போகும் இடமாகப் பார்த்து, பொறியாளரைக் கேட்டு வைக்க வேண்டும். தொட்டி உடைந்தால் 200 சதுர அடி ஹாலில் ஒன்றரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். போக வழியில்லை என்றால் கீழ்வீட்டுக்காரர் கூரைக்குத்தான் போகும்.

மருமகன் கேட்ட மார்பிள் சுண்ணாம்புக் கல்லின் உறவு. ஐந்தாம் வகுப்பில் எலுமிச்சைச் சாற்றில் முட்டை ஓட்டைப் போட்டோமே, நுரைத்ததே, அதே கதைதான் மார்பிளுக்கும். புளிப்பு பட்டால் மெருகு போகும், நாய் சிறுநீர் தேங்கினால் கறை நிற்கும். மகள் கேட்ட மரத் தோற்றத்தில் இரண்டு வகை. லேமினேட் என்பதன் உள்ளே மரத்தூள் நார், ஈரம் பட்டால் உப்பிவிடும். எஸ்பிசி என்பது கல்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது, அது உப்பாது. ஆனால் ஓரத்தில் இறங்கும் தண்ணீர் அடியில் தங்கி நாற்றம் எடுக்கும். ஒட்டாமல் கோத்துப் பரப்பும் தரை என்பதால் 300 கிலோ பாரத்தை ஒரே இடத்தில் ஏற்றினால் இணைப்பு விடவும் வாய்ப்பு உண்டு.

நான் சொன்னது சொரசொரப்பான விட்ரிஃபைடு டைல்ஸ். அது உறிஞ்சும் தண்ணீர் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகாது. டைல்ஸ் உறிஞ்சாவிட்டாலும் இடுக்கில் நிரப்பும் வெறும் சிமெண்ட் உறிஞ்சும். ஆகவே இடுக்குக்கு எப்பாக்ஸி. வழுக்காத தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண் உண்டு. ஆர் 10-க்குக் குறையாமல் கேள் என்றேன். லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வருவது அதிகம். வழுவழுப்பான தரையில் பின்னங்கால் விரிந்து அது எழுந்திருக்கத் திணறுவதைப் பார்த்தால் எனக்கு வேறு ஒருவர் நினைவு வரும்.

மகள் டைல்ஸுக்குச் சம்மதித்தாள். மருமகனுக்கு விருந்தினர் அறையில் மட்டும் மார்பிள். தொட்டியை டிவிக்குப் பக்கத்திலிருந்து பால்கனிக் கதவுப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே சுவர் இருக்கிறது, பொறியாளரும் சரி என்றார். பால்கனியில் வடிகால் இருக்கிறது. அந்த ஆறடி இடத்துக்கு மட்டும் வாட்டம் கொடுங்கள் என்றால், டைல்ஸ் போடுகிறவர் "ஹாலுக்கெல்லாம் யாரும் கேட்கிறதில்லை சார்" என்கிறார். ஆடி கழிந்து வேலை தொடங்குகிறது. நான் ஒரு செம்போடு போகிறேன்.

கடைசியாக ஒரு உதவி. எங்கள் வீட்டு அரங்கில் மட்டும் 1967-ஆம் ஆண்டுச் சிவப்புத் தரை அப்படியே இருக்கிறது. கோடை விடுமுறையில் வந்தபோது அந்த நாய் பட்டாசலைத் தாண்டிப் போய் அங்கேதான் படுத்துக் கிடந்தது. பட்டாசல் டைல்ஸை எடுத்துவிட்டு மறுபடி அதே தரை போட நினைக்கிறேன். தென்காசி, கடையநல்லூர் பக்கம் கரணை பிடித்துச் சிவப்புத் தரை தேய்க்கத் தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள்.