தண்டோராவும் சரக்கும்

முதல் உலகப் போர் மூண்டதும் மைசூர் சமஸ்தானத்தின் சந்தனக் கட்டைகள் கப்பலேற வழியில்லாமல் தேங்கின. அதுவரை அவற்றை வாங்கி எண்ணெய் வடித்துவந்த நாடுகளில் ஜெர்மனி முக்கியமானது. திவான் விசுவேசுவரய்யாவின் அரசு கையைப் பிசைந்துகொண்டு உட்காரவில்லை. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் இருவரின் துணையோடு பெங்களூரிலேயே எண்ணெய் வடித்துப் பார்த்தது. 1916-இல் ஆலையும் எழுந்தது. எண்ணெய் கைக்கு வந்த பிறகுதான் சோப்பு என்ற யோசனை பிறந்தது. எஸ்.ஜி. சாஸ்திரி என்ற வேதியியலாளர் லண்டன் சென்று தொழில் கற்றுத் திரும்பினார். மைசூர் சாண்டல் சோப் உருவானது.

இன்றைய பேச்சில் சொன்னால், அரசே முதல் போட்ட ஸ்டார்ட்அப்.

சாஸ்திரி விளம்பரத்தைப் பெட்டியிலிருந்தே தொடங்கினார். நீள்வட்டக் கட்டி, அதை வைக்க நகைப்பெட்டி போன்ற அட்டைப்பெட்டி, மேலே யானைத் தலையும் சிங்க உடலும் கொண்ட சரபம். கடைக்காரர் வாயைத் திறக்கும் முன்பே பெட்டி பேசிவிடும். பிறகு தீப்பெட்டிகளிலும் டிராம் டிக்கெட்டுகளிலும் விளம்பரம் ஏறியது. பெங்களூரில் டிராம் ஓடியதே இல்லை. ஆக, சோப்பு ஆரம்பத்திலேயே வெளியூர்ச் சந்தையைக் குறிவைத்திருக்கிறது. கராச்சியில் ஒட்டக ஊர்வலம்கூட நடத்தினார்கள். வேடிக்கைதான், ஆனால் வெறும் வேடிக்கை அல்ல. ஒட்டகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போகிறவருக்குக் கொடுக்க, காடு நிறையச் சந்தனமும் ஓடுகிற ஆலையும் பின்னால் இருந்தன.

அதே பெங்களூரில், அதே அறிவியல் கழகத்தைச் சுற்றி, எண்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு பண்டம் உருவானபோது வரிசை தலைகீழானது. சுவாமி மனோகர், வி. வினய், விஜய் சந்துரு, ரமேஷ் ஹரிஹரன் ஆகிய பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தின் வினய் தேஷ்பாண்டேயும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை வடிவமைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்த வேண்டும். திரையில் இருப்பதை இந்திய மொழிகளில் வாசித்துக் காட்ட வேண்டும். ஊருக்கு ஒன்று இருந்தாலும் ஸ்மார்ட் கார்டு செருகி ஆளுக்கு ஆள் பகிர்ந்துகொள்ள வேண்டும். விலை 9,000 ரூபாய் சுமாருக்கு அடங்கும் என்றார்கள்.

2001-இல் மாதிரிக் கருவி வெளியே வந்ததும் உலகப் பத்திரிகைகள் சூழ்ந்துகொண்டன. அறிவியல் புனைகதை எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங், நியூயார்க் டைம்ஸில், அந்த ஆண்டின் முதன்மையான கணினிப் புதுமை என்று அதைக் குறிப்பிட்டார். ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் அந்த ஆண்டு கொண்டுவந்தவற்றைவிட அதற்கு மேலான இடம். எந்தப் புது நிறுவனம்தான் இப்படிப்பட்ட புகழுக்கு ஏங்காது? ஆனால் படித்துவிட்டுப் பணத்தோடு வருகிறவர் வாங்கக் கடையில் ஒன்றும் இல்லை. பிகோபெட்டா நிறுவனமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்து அமிடா சிம்ப்யூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது 2004 ஆகியிருந்தது.

அந்த மூன்று ஆண்டுகளில் சந்தை மாறிவிட்டது. மொபைலுக்கு வரும் அழைப்புகள் 2003-இலேயே இலவசமாயின. ஏழையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது செல்போன். அமிடாவின் விலையோ பத்தாயிரத்தை ஒட்டித் தொடங்கி, வண்ணத் திரை வேண்டுமென்றால் இன்னும் ஏறியது. கருவியைச் சாய்த்தால் திரை அதற்கேற்ப நகரும் வித்தை அதில் இருந்தது; ஐபோன் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அந்த வித்தையைப் பார்த்து வாங்கக்கூடியவர் நகரத்து இளைஞர். அவர் காதிலோ அது ஏழைகளின் கணினி என்றே விழுந்திருந்தது. பத்திரிகைகள் ஒட்டிய அந்தப் பட்டத்தை யாராலும் உரித்தெடுக்க முடியவில்லை. ஐம்பதாயிரம் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். 2005 வரை விற்றது நாலாயிரத்தை ஒட்டித்தான்.

சிம்ப்யூட்டரின் பேச்சு அடங்கிய பிறகு, 2007-இல், கோரமங்களாவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் ஃபிளிப்கார்ட்டைத் தொடங்கினார்கள். விளம்பரத்துக்குக் காசில்லை. கங்காராம்ஸ் புத்தகக் கடை வாசலில் நின்று, புத்தகம் வாங்கி வெளியே வருகிறவர்களிடம் தங்கள் பெயர் அச்சிட்ட பக்க அடையாள அட்டைகளைக் கொடுத்தார்கள். அட்டை வாங்கிய ஒவ்வொருவரும் புத்தகத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்தவர். இதைவிடக் கூர்மையான விளம்பரம் அந்த நிறுவனம் பிறகு செய்ததா என்பது சந்தேகமே.

ஏழு ஆண்டுகளில் காசு வந்தது. முழுப்பக்க விளம்பரங்களும் வந்தன. 2014 அக்டோபர் 6-ஆம் தேதி 'பிக் பில்லியன் டே' என்று நாடே அறியும்படி தண்டோரா போட்டார்கள். காலையில் விற்பனை திறந்ததும் தளம் திணறியது. பொருள்கள் கண்ணெதிரே தீர்ந்தன, சிலருக்கு ஆர்டரே ரத்தானது. தள்ளுபடிக்குச் சற்று முன்பு விலை ஏற்றப்பட்டதாகவும் புகார் எழுந்தது. பத்து மணி நேரத்தில் 600 கோடி ரூபாய்க்கு விற்றதாக நிறுவனம் அறிவித்தது. ஆனால் மறுநாள் வாடிக்கையாளர்களுக்குப் போனது, இரண்டு நிறுவனர்களும் மன்னிப்புக் கேட்டு எழுதிய மின்னஞ்சல். சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லை என்று மழுப்பாமல் ஒப்புக்கொண்ட கடிதம் அது. அன்றைய விளம்பரங்களையெல்லாம்விட அதுவே அவர்கள் பெயரைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்த ஆண்டு அதே விற்பனையை அக்டோபர் 13 முதல் 17 வரை ஐந்து நாளாகப் பிரித்தார்கள். எல்லாப் பொருளையும் ஒரே காலையில் கொட்டாமல், வகை வகையாக வெவ்வேறு நாளில் திறந்தார்கள்.