மஞ்சாடியும் கீராத்தும்: முத்து வணிகத்தின் எடைக்கணக்கு

மரக்காணத்து உப்பளக்கரை அளவைகளின் வரலாற்றை ஆராய்வோருக்கு நல்லதொரு தொடக்கமாகும். உப்பு முகத்தலளவைக்குரிய பண்டம். மரக்காலாலும் கலத்தாலும் கரிசையாலும் அளக்கப்பட்டது. ஒரு பிடி கூடினும் குறையினும் வாங்குவோரும் விற்போரும் பொருட்படுத்தியதில்லை. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. இக்கரையின் தெற்கே, புதுச்சேரியை அடுத்துள்ள அரிக்கமேட்டில் மணிகள் செய்யப்பட்டன. மணிக்கும் முத்துக்கும் மரக்கால் உதவாது. அங்கே ஒரு விதையின் எடையே பெரும் பொருளாகிவிடுகிறது.

நம் முன்னோர் அதற்கென விதைகளையே எடைக்கற்களாகக் கொண்டனர். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கி.பி. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் இவ்வாய்பாட்டின் முழுப் பயன்பாட்டைக் காண்கிறோம். அங்கே பொன், 'ஆடவல்லான்' என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகள் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. முத்துகளோ வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, சப்பத்தி என வகை பிரித்து எழுதப்பட்டன. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதை எழுதாமல் எடையை மட்டும் எழுதுவது பொருளற்றது என்பதைச் சோழர் காலத்துக் கணக்கர் அறிந்திருந்தனர். கழஞ்சு என்ற சொல்லைக் கண்டவுடன் கிராமில் மாற்றி எழுதிவிடும் இக்காலத்து ஆய்வாளர் சிலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

அரபு வணிகர் கொண்டுவந்த அளவையும் விதையிலிருந்து பிறந்ததே. கரோப் மரத்தின் விதையைக் குறித்த கிரேக்கச் சொல் அரபியில் 'கீராத்' ஆயிற்று. ஐரோப்பிய மொழிகளில் 'காரட்' ஆயிற்று. ஜனாஸாத் தொழுகையின் நன்மையைக் கூறும் நபிமொழியில் கீராத் என்னும் சொல்லை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். சந்தையில் மிகச் சிறியதாகிய அளவு, அங்கே உஹது மலைக்கு ஒப்பிடப்படுகிறது. கீராத்துக்கு மேல் நின்றது மிஸ்கால். பதினோராம் நூற்றாண்டில் அல்பீரூனி இரத்தினங்களைப் பற்றித் தாம் இயற்றிய நூலில் முத்தின் விலையை மிஸ்கால் கணக்கில் தருகிறார். எடை குறையக் குறைய விலை அதனினும் விரைந்து சரிவதை அவர் காட்டுகிறார்.

பாண்டியர் காலத்துக் காயல் துறையில் இவ்விரு மரபுகளும் சந்தித்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயலுக்கு ஹொர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து கப்பல்கள் வந்தன. அங்கு கழஞ்சையும் மிஸ்காலையும் ஒப்பிட்டுக் கணக்கிடத் தெரியாதவர் வணிகம் செய்திருக்க இயலாது.

ஆனால் முத்து வணிகத்தின் நுட்பம் எடை மாற்றத்தோடு முடியவில்லை. மன்னார் வளைகுடாவில் வழங்கிய 'செவ்வு' என்னும் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதிவுகளில் காண்கிறோம். ஒரு தொகுதி முத்துகளின் மொத்த எடையை மஞ்சாடியில் கண்டு, அதனை அதே எண்ணால் பெருக்கி, வந்ததில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது செவ்வு. விலை பேசப்பட்டது செவ்வுக்கே. எட்டு மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்துக்கு 48 செவ்வு. அதே எட்டு மஞ்சாடிக்குப் பத்து முத்துகள் நின்றால் 4.8 செவ்வு மட்டுமே. பெருமுத்தின் அருமையை இக்கணக்கு எண்ணாக்கிவிடுகிறது.

பம்பாயிலும் பாரசீக வளைகுடாவிலும் இதே கணக்கு 'சவ்' என வழங்கிற்று. பம்பாயில் 24 ரத்தி கொண்ட 'டாங்க்' எடையைத் தன்னாலேயே பெருக்கி, 330ஆல் பெருக்கி, எண்ணிக்கையால் வகுத்தனர். நம் கணக்கை மஞ்சாடியிலிருந்து கழஞ்சுக்கு மாற்றிப் பார்த்தால் பெருக்கும் எண் 300 ஆகிறது (20 × 20 × ¾). 300க்கும் 330க்கும் உள்ள அண்மை தற்செயலானது அன்று எனக் கருதுகிறோம். கடல்வழி வணிகம் எடைக்கற்களை மட்டுமன்றிக் கணக்கு முறையையும் கரைதோறும் கொண்டு சென்றிருக்கிறது.

இக்கணக்கில் நீதி பற்றிய கேள்வியொன்றும் மறைந்துள்ளது. ஒரு மஞ்சாடி முத்து ஒன்றும் மூன்று மஞ்சாடி முத்து ஒன்றும் ஒருவரிடம் இருப்பதாகக் கொள்வோம். தனித்தனியே கணக்கிட்டால் முக்கால் செவ்வும் ஆறே முக்கால் செவ்வும் சேர்ந்து ஏழரை. இரண்டையும் ஒன்றாக நிறுத்துக் கணக்கிட்டால் ஆறு செவ்வுதான். தராசில் பிழையில்லை, எடைக்கல்லில் குறைவில்லை, ஆயினும் ஐந்திலொரு பங்கு மறைந்துவிட்டது. அளவு வேறுபட்ட முத்துகளைக் கலந்து கணக்கிட்டால் இழப்பு எப்போதும் விற்பவருக்கே. ஆகவேதான் முத்துகளை முதலில் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்து, ஒத்தவற்றைப் பிரித்த பின்னரே நிறுத்தனர். தம் பங்குச் சிப்பிகளில் கிடைத்த சில முத்துகளைக் கரையிலேயே விற்றுச்சென்ற எளிய குளியாளர், சலிக்காமல் விற்றால் தம் இழப்பை அறியவும் வழியில்லை. அளவையில் குறைப்போரைக் கண்டிக்கும் 'முதஃப்பிஃபீன்' அத்தியாயம் தராசின் முள்ளோடு நின்றுவிடும் எச்சரிக்கையன்று என்பதை இவ்வாய்பாடே உணர்த்துகிறது.

இன்றும் நம் இல்லங்களில் இந்தச் சிற்றளவைகள் உயிரோடுள்ளன. பொன்னுக்கு ஜகாத் கடமையாகும் நிஸாப் இருபது மிஸ்கால். மிஸ்காலை ஷாஃபி மத்ஹபு நூல்கள் 72 வாற்கோதுமை மணிகள் என்கின்றன. ஹனஃபி நூல்கள் இருபது கீராத், அதாவது 100 மணிகள் என்கின்றன. மிஸ்காலை 4.25 கிராமாகக் கொள்வோர் நிஸாபை 85 கிராம் என்பர். இந்தியாவின் ஹனஃபி உலமாக்கள் ஏழரைத் தோலா, அதாவது ஏறத்தாழ 87.48 கிராம் என்பர். எட்டுக் கிராம் பவுனில் முன்னது பத்தரைக்குச் சற்று மேல். பின்னது பதினொன்றுக்குச் சற்றுக் குறைவு. முத்துக்கும் மணிக்கும் அவை அணிகலனாக இருக்கும்வரை ஜகாத் இல்லை என்பதே பெரும்பான்மைச் சட்ட அறிஞர் முடிவு. வணிகச் சரக்காயின் அதன் மதிப்புக்கு ஜகாத் உண்டு. ஆதலின் அன்றைய முத்து வணிகர் ஒருவர் தம் கடமையை நிறைவேற்ற மஞ்சாடியைச் செவ்வாக்கி, செவ்வைப் பணமாக்கி, பணத்தை மிஸ்காலோடு ஒப்பிட வேண்டியிருந்தது.

1907இல் உலக அளவைகள் மாநாடு காரட்டை 200 மில்லிகிராம் என வரையறுத்தது. ஊருக்கொரு காரட் இருந்த குழப்பம் அத்துடன் தணிந்தது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்தது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பும் 1961க்குப் பின் நின்றுபோயிற்று. மஞ்சாடி இன்று சிறுவர் கைகளில் சிவந்த விளையாட்டு விதை. எனினும் பழைய ஆவணங்களைப் பதிப்பிப்போர் அதனை உடனே கிராமாக்கிவிடாமல், எந்தத் துறை, எந்தக் கல், எத்தனை முத்து என்னும் மூன்றையும் உள்ளவாறே குறித்தல் வேண்டும். அவை இருந்தால்தான் அந்தச் சந்தையில் யார் பெற்றார், யார் இழந்தார் என்பதைப் பிற்காலத்தார் கணக்கிட முடியும்.